கருப்புக்கு வைத்த மிலிட்டரி ரம்

மதுவிலக்கு வந்த நாளிலிருந்து எல்லைக் கருப்புக்குக் குடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. திருவெள்ளறைக்கு வடக்கே, வேலிக்காட்டைத் தாண்டி, கையில் அரிவாளோடு நிற்கிற சாமி அவர். ஆடி மாதப் படையலில் கிடா உண்டு, கோழி உண்டு, சுருட்டு உண்டு. சாராயம் இருந்த இடத்தில் மட்டும் முதலில் பானகம் வந்தது, அப்புறம் கோலிசோடா வந்தது, ஒரு வருஷம் யாரோ துணிந்து கருப்பட்டிக் காபியையே வைத்துவிட்டார்கள். அந்த வருஷம் சாமி இறங்கிய பூசாரி ஆண்டி, குறி கேட்க நின்றவர்களைப் பார்த்துப் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஊருக்குள் கள்ளச் சாராயம் இல்லாமல் இல்லை. ஆனால் கருப்பு எல்லைக் காவல்காரர், திருடனைப் பிடிக்கிறவர். திருட்டுச் சரக்கை அவர் முன்னாலேயே கொண்டுபோய் வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. மண்ணச்சநல்லூரில் ஒரு பெரிய மனிதர், குடிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கி, சர்க்கார் பர்மிட்டில் சீமைச் சரக்கே குடித்துக்கொண்டிருந்தார். கருப்புக்கு நாடி பிடித்துப் பார்த்து அப்படி ஒரு சர்ட்டிபிகேட் எழுத எந்த டாக்டரும் முன்வரவில்லை.

மிச்சமிருந்தது ஒரே வழி. சட்டம் கைவைக்காத சரக்கு பட்டாளத்துச் சரக்கு. ஊருக்கு ஒரு பட்டாளத்தானும் இருந்தான்.

அவில்தார் வீரமலைக்கு அப்போது திருச்சி கன்டோன்மென்டில், ஒரு சின்ன டிப்போவில் வேலை. கம்பளி, பூட்ஸ், கொசுவலை எல்லாம் அவன் பொறுப்பு. பர்மாச் சண்டையின் கடைசியில் சேர்ந்தவன். வருகிற தையில் பென்ஷன். அந்தப் பென்ஷனை அவன் மனதுக்குள் ஏற்கனவே வாங்கிச் செலவும் செய்தாகிவிட்டது. கிணற்றுக்கு ஓர் ஆயில் இன்ஜின், இன்ஜினுக்கு ஒரு கொட்டகை, கொட்டகை வாசலில் கால்மேல் கால் போட்டு உட்கார ஒரு நாற்காலி. கேன்டீனில் கொடுக்கிற ரம்மை அவன் தொடுவதில்லை. குடித்தால் தும்மல் வந்துவிடும். ரம்மைக் கூட்டாளிகளிடம் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக டின் பால் வாங்கிக்கொள்வான்.

ஐம்பத்தொன்பதாம் வருஷ ஆடிக்கு முன்னால் ஊரார் சிலர் டிப்போ வாசலுக்கே வந்து நின்றார்கள். பூசாரி ஆண்டிதான் பேசினார்.

"கருப்பு கனவுல வர்றாருங்க, அவுல்தாரே. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்றதில்ல. தொண்டையத் தொட்டுக் காட்டுறாரு, போயிடுறாரு."

சாமியே தொண்டையைத் தொட்டுக் காட்டும்போது ஒரு மனிதன் என்ன செய்வான்? கேன்டீன் ரம் டிப்போவை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. விதி வீரமலைக்குத் தெரியும், புதிதாக வந்த சிப்பாய்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே அவன்தான். பாட்டில்களைக் கொசுவலையில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தான். மேலே காக்கிச் சட்டையை மடித்துப் போட்டான். அக்கா மகன் மருதைக்கும் லீவு பாஸ் வாங்கி, இரண்டு பேருமாகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினார்கள்.

மருதையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வீரமலையின் அக்கா பொன்னுத்தாய்க்கு அவன் ஒரே மகன். தகப்பன் இல்லை. பள்ளிக்கூடத்தை முடிக்கட்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, போன தையில் மாமன்காரன் பையனைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டான். ஆள் எடுத்த இடத்தில் பையனை மூச்சை இழுத்து நெஞ்சை விரிக்கச் சொன்னார்கள். விரித்தான். வயது என்ன என்று கேட்டார்கள். பையன் வாயைத் திறப்பதற்குள் வீரமலை, "பதினெட்டு சார்" என்றான். டிப்போவின் பெரிய அதிகாரி மேஜர் பட்நாகர் பையனை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து, தம் அனுபவத்தில் இது பதினெட்டுக்குக் குறையாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மருதைக்கு அப்போது பதினாறு. பதினாறு வயதில் கையெழுத்து ஒன்று விழுந்ததும் பதினெட்டு ஆகிவிட்டது. சர்க்கார் கையெழுத்துக்கு அவ்வளவு சக்தி உண்டு.

படையல் அமர்க்களமாக நடந்தது. அந்த ஊர் வழக்கப்படி, சரக்கைக் கொண்டுவந்தவன் அதைச் சாமி முன்னால் வைத்துவிட்டு, கைகட்டிப் பின்னால் போய்விட வேண்டும். அப்புறம் அது அவன் பொருள் இல்லை. சாமி இறங்கிய பூசாரி குடிப்பார். குடித்து மிச்சம் இருப்பதை, அங்கே நிற்கிற மீசை அரும்பிய ஆண்பிள்ளைகளில் ஆக இளையவன் எவனோ அவன் வாயில் ஊற்றுவார். வம்சம் தழைக்க அது கருப்பு கொடுக்கிற வரம். பெண்கள் அந்தப் பக்கம் வரக்கூடாது. பொன்னுத்தாய் தூரத்தில் அடுப்பருகே கிடாக்கறியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

பத்து வருஷத் தாகம் ஐயா! கருப்பு முதல் பாட்டிலைக் கீழே வைக்காமல் குடித்தார். அடுத்ததில் பாதியும் போயிற்று. பிறகு கண்ணை உருட்டிக் கூட்டத்தைப் பார்த்து, மருதையின் தலைமுடியைப் பிடித்து இழுத்து, வழக்கம்போல நாக்கை நனைக்கிற அளவுக்குச் சாய்த்தார். பையன் முகத்தைச் சுளித்தான். சுற்றி நின்ற பயல்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் வீரமலைக்குப் பொறுக்கவில்லை. கைகட்டி நிற்க வேண்டியவன் முன்னால் வந்து பூசாரியின் காதருகே கத்தினான்:

"ஊத்துங்க பூசாரி! தாராளமா ஊத்துங்க! எம் மாப்ள பட்டாளத்தான், தாங்குவான்!"

பம்பை மேளச் சத்தத்தில் அது வேறு யார் காதிலும் விழவில்லை. மருதையின் காதில் விழுந்தது. மாமன் தன்னை நாலு பேர் முன்னால் பட்டாளத்தான் என்று சொன்ன பெருமையில் அவன் கண்ணை மூடிக்கொண்டு பாட்டிலைக் காலி செய்தான்.

சாயங்கால பஸ்ஸில் வரும்போது பையன் அமைதியாகத்தான் இருந்தான். டிப்போ வாசலில் கொடி இறக்குகிற நேரம். மேஜர் பட்நாகர் விறைப்பாகச் சல்யூட் அடித்து நின்றுகொண்டிருந்தார். மருதை நேராக அவரிடம் போனான். பையிலிருந்த விபூதியை எடுத்து அவர் நெற்றி நிறையப் பூசினான். பூசிவிட்டு, கருப்பின் குரலில் சொன்னான்:

"எல்லைய நான் பாத்துக்கிறேன்டா. நீ போய் நிம்மதியாத் தூங்கு."

எல்லையைப் பற்றி டில்லியே கவலைப்பட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. இருந்தாலும் மேஜர் அந்த உதவியை ஏற்றுக்கொள்ளவில்லை. பையனைக் குவார்ட்டர் கார்டு லாக்கப்பில் போட்டுப் பூட்டினார்கள்.

குடித்துவிட்டு வந்த சிப்பாய்க்குப் பட்டாளத்தில் புதிதாகச் சட்டம் எழுத வேண்டியதில்லை. சில நாள் உள்ளே இருப்பான், கொஞ்சம் சம்பளம் பிடிப்பார்கள், அவ்வளவுதான். வீரமலையும் அப்படித்தான் நினைத்தான். ஆனால் மறுநாள் காலை பொன்னுத்தாய் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மகன் ஜெயிலில் இருக்கிறான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வராந்தாவில் நடந்துகொண்டிருந்த மேஜரை வழிமறித்து நின்றாள்.

"பதினாறு வயசுப் பச்சப்புள்ளங்க, சாமி! பதினாறு வயசுப் புள்ளைக்கு எவனோ ஊத்திக் குடுத்திருக்கான். குடுத்தவன விட்டுட்டு எம் புள்ளைய உள்ள வச்சிருக்கீங்களே, இது நாயமா? எம் புள்ளையக் குடுத்துருங்க, நான் கூட்டிட்டுப் போயிடுறேன்."

டிப்போவின் தலைமை கிளார்க் ரெங்கநாதன் அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். உத்தர வீதியிலிருந்து தினமும் நெற்றியில் பளிச்சென்று நாமத்தோடு சைக்கிளில் வருவார். ராணுவச் சட்டப் புத்தகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படியே மொழிபெயர்த்தார். மேஜரின் முகம் மாறிப்போயிற்று.

வயது வராத சிப்பாய்க்கு மது கொடுத்தால் குற்றம் குடித்தவன் மேல் இல்லை. அவனுக்கு ஊற்றிக் கொடுத்தவன் மேல்; சட்டம் அவனை விருந்து கொடுத்தவன் என்கிறது. அவன் பட்டாளத்தானாக இருந்தால் பட்டையைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பலாம். விருந்து கொடுத்தவன் யார் என்று விசாரிக்க மேஜர் உடனே உத்தரவு போட்டார். போட்ட பிறகுதான், பையன் பதினாறு என்றால் அவனைப் பதினெட்டு என்று சேர்த்த கையெழுத்து யாருடையது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. உத்தரவை வாங்கிக் கிழிக்கலாமென்று பார்த்தார். ரெங்கநாதன் அதற்குள் மூன்று காப்பி டைப் அடித்து மேலிடத்துக்கும் தபாலில் சேர்த்துவிட்டார். அவ்வளவு சுறுசுறுப்பு அவருக்கு.

உத்தரவு வீரமலையின் காதுக்கும் வந்தது. மத்தியானம் ரெங்கநாதன் தயிர்சாதத்தை முடித்துவிட்டுக் கையலம்புகிற நேரமாகப் பார்த்துப் போய் நின்றான்.

"சார், என் பென்ஷன்?"

"உம்ம பென்ஷன் இப்போ உம்ம அக்கா வாயிலே இருக்கு, வீரமலை" என்றார் ரெங்கநாதன். "பையனுக்குப் பதினாறுன்னு ஆச்சுன்னா, விருந்து கொடுத்தவர் நீர். பட்டை போச்சு, பென்ஷன் போச்சு. சேர்க்கறச்சே பொய் சொன்னது தனி. பையனையும் வயசு பத்தலைன்னு ஆத்துக்கு அனுப்பிடுவா."

"பதினெட்டுன்னு ஆச்சுன்னா?"

"உமக்குப் பயமில்லே. பையன் கொஞ்ச நாள் உள்ளே இருப்பான். அப்புறம் பட்டாளத்துலயே இருப்பான்."

வீரமலை யோசித்தான். கிணற்றடியில் ஆயில் இன்ஜின் டொக் டொக்கென்று ஓடுகிற சத்தம் அவனுக்குக் காதிலேயே கேட்டது. அக்காவின் முகமும் கண்முன் வந்தது. இன்ஜின் சத்தம்தான் பலமாக இருந்தது.

ரெங்கநாதன் கையைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். சட்டச் சிக்கல் என்றால் அவருக்கு அக்காரவடிசில் மாதிரி இனிக்கும்.

"இதுலே இன்னொரு சூக்ஷ்மம் இருக்குங்காணும். விருந்து கொடுத்தது நீரா, உம்ம கருப்பரா? எங்க பெருமாளுக்குத் தளிகை பண்றவா பண்ணுவா. அமுது செஞ்சாச்சுன்னா அது பெருமாள் பிரசாதம். சமைச்சவன் கொடுத்தான்னு லோகத்துலே யாராவது சொல்றாளோ? நீர் வெச்சீர், பின்னாலே போயிட்டீர். கொடுத்தது அவர். அவர் ராணுவச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் இல்லே. புரியறதா? ஆனா பெருமாள் பிரசாதமும் இதுவும் ஒண்ணுன்னு நான் சொன்னதா வெளியிலே மூச்சு விடாதேயும். ஸ்ரீரங்கத்துலே நான் தலைகாட்ட முடியாது."

வீரமலைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பின்னால் போனவன் மறுபடி முன்னால் வந்து கத்தியதை அவன் ரெங்கநாதனிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லையே.

விசாரணை டிப்போவின் பெரிய ஹாலில் நடந்தது. மேஜர் நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு இளம் லெப்டினன்ட்கள். அவர்களுக்கு வேலை, மேஜர் தலையசைக்கும்போது தலையசைப்பது. மருதையைத் தொப்பியும் பெல்ட்டும் கழற்றி, இரண்டு காவலுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பொன்னுத்தாயை வெளியே வேப்பமரத்தடியில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். பூசாரி ஆண்டி ஊரிலிருந்து வந்திருந்தார். பட்டாளத்துக்குப் போகிறோமே என்று வேட்டியை வெளுத்துக் கட்டியிருந்தார்.

முதலில் மருதையைக் கேட்டார்கள். ரம்மை உனக்குக் கொடுத்தது யார்?

பையன் மாமனைப் பார்த்தான். மாமன் சுவரில் தொங்கிய இந்தியா மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாமிங்க" என்றான் மருதை.

வீரமலையைக் கேட்டார்கள். நான் வைத்தேன், கைகட்டிப் பின்னால் வந்துவிட்டேன், கொடுத்தது கருப்பு என்றான். ரெங்கநாதன் மொழிபெயர்த்தார்.

"யார் இந்தக் கருப்பு? என்ன ரேங்க்?" என்று கேட்டார் மேஜர்.

"ரேங்க் கிடையாது சார். சிவிலியன். எல்லைக் காவல்."

"எந்த எல்லை? யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?"

"திருவெள்ளறை எல்லை சார். சம்பளம் வருஷத்துக்கு ஒரு கிடா."

மேஜர் குறித்துக்கொண்டார். லெப்டினன்ட்கள் தலையசைத்தார்கள். அடுத்து ஆண்டியை முன்னால் கூப்பிட்டார்கள்.

"பையன் வாயில் ஊற்றியது நீதானே?"

"நான் இல்லீங்க, தொரை. கை என்னுது, ஊத்துனது சாமி. எனக்கு ஒண்ணுமே நெனவு இல்லீங்க."

"அப்படியானால் அந்தச் சாமி வந்து சாட்சி சொல்லட்டும். கூப்பிடு."

மேஜர் கிண்டலாகத்தான் சொன்னார். இரண்டு லெப்டினன்ட்களும் சிரித்தார்கள். ஆண்டிக்குக் கிண்டல் புரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, சாமி வெறும் வாயோடு வராதுங்களே என்றார்.

"என்ன வேண்டுமாம்?"

ரெங்கநாதன் சொன்னார். மேஜருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்த மூடநம்பிக்கையைச் சபை நடுவிலேயே உடைத்துவிடலாம், குடித்தால் ஆடுவது மனிதன்தான் என்று எழுதிவிடலாம், விருந்து கொடுத்த பழியைப் பூசாரி தலையில் கட்டி மதுவிலக்குப் போலீஸிடம் தள்ளிவிட்டால் பட்டாளத்துக்கும் தமக்கும் ஒட்டு உறவு இல்லாமல் போய்விடும். மெஸ்ஸிலிருந்து பாட்டில் வந்தது. கொண்டுவந்த ஆர்டர்லிக்கு ஊர் முசிறிப் பக்கம். கருப்புக்கு வைக்கிற சரக்கில் கைபட்டால் என்னாகுமோ என்று மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு எட்டி நின்றான். மேஜர் சலித்துக்கொண்டு, தாமே மூடியைத் திருகி, தாமே கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரை ஊற்றி, தாமே ஆண்டியின் கையில் கொடுத்தார். ரெங்கநாதன் "அபசாரம், அபசாரம்" என்று முனகிக்கொண்டு, மேல்துண்டால் மூக்கை மூடியபடி எழுதிக்கொண்டிருந்தார்.

ஆண்டி டம்ளரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாதியைக் குடித்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. மேஜர் வெற்றியோடு பேனாவை எடுத்தார்.

அப்போது ஆண்டியின் முழங்கால் நடுங்கியது. நடுக்கம் மேலே ஏறித் தோளுக்கு வந்தது. வெளுத்த வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஹால் அதிர ஒரு சத்தம் போட்டார். மேஜை மேலிருந்த மசிக்கூடு உருண்டது. ஆர்டர்லி தரையில் விழுந்து கும்பிட்டான். காவலுக்கு நின்ற இரண்டு சிப்பாய்களும் துப்பாக்கியைச் சாத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கருப்பு கையில் மிச்ச டம்ளரோடு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ஆக இளையவன் யார் என்று தேடினார். ஒரு லெப்டினன்ட் அவசரமாகத் தன் மீசையைத் தடவிக் காட்டினான். கருப்பின் கண் அவனைத் தாண்டி மருதையிடம் போய் நின்றது.

"எம் புள்ள! வாயத் தொறடா!"

மேஜர் "நிறுத்து, நிறுத்து" என்று இங்கிலீஷில் கத்தினார். மொழிபெயர்க்க வேண்டியவர் வாய் துண்டுக்குள் இருந்தது. மருதை அட்டென்ஷனில் நின்றான். அவனுக்கு வேண்டாம் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. முந்தைய தடவை குடித்தது இன்னும் தொண்டையில் எரிகிற மாதிரி அவன் எச்சில் விழுங்கினான். மறுபடி மாமனைத்தான் பார்த்தான். மாமன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேண்டாம்டா என்று ஒரு வார்த்தை. சொன்னால் என்ன ஆகும்? இங்கே தடுக்கத் தெரிந்தவனுக்கு அங்கே தடுக்கத் தெரியாதா என்று கேட்பார்கள். வீரமலை மேப்பில் காஷ்மீரைப் பார்த்தான், பிறகு கன்னியாகுமரியைப் பார்த்தான்.

மருதை வாயைத் திறந்தான். கருப்பு ஊற்றினார்.

சாமி மலையேறியதும் ஆண்டி தரையில் சாய்ந்து, தண்ணீர் கேட்டார். ரெங்கநாதன் துண்டை எடுத்துவிட்டு, மிகவும் பணிவாக, இங்கிலீஷில் மேஜரிடம் ஒரு சந்தேகம் கேட்டார். பதிவுக்காகத்தான். இப்போது வந்த ரம் மெஸ் கணக்கில் வந்ததா, மேஜர் கணக்கில் வந்ததா? ஊற்றியவர் பெயரை எப்படி எழுதுவது? விருந்து கொடுத்தவர் என்ற இடத்தில் யாரைப் போடட்டும்?

மேஜர் சபையை ஒத்திவைத்தார். பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. பட்டாளத்தில் எந்தக் குழப்பத்துக்கும் தீர்வு உண்டு. குழப்பமே நடக்கவில்லை என்று எழுதிவிட வேண்டும்.

அவர் சொல்லச் சொல்ல ரெங்கநாதன் எழுதினார். சிப்பாய் மருதைக்கு வயது பதினெட்டு. சேர்த்த அதிகாரி நேரில் பார்த்துச் சொன்னதை மறுக்கக் காரணம் இல்லை. பதினாறு என்று சொல்கிற தாயாரின் பேச்சை ஏற்பதற்கில்லை, ஏனென்றால் பிள்ளை பிறந்தபோது தாம் உடனிருந்ததற்கு அந்த அம்மாள் ஆதாரம் எதுவும் காட்டவில்லை. ஆகவே இந்த டிப்போவில் வயது வராதவர் எவரும் இல்லை. சிப்பாய் மருதை வாயில் பட்டது மது அல்ல, அவன் குலத்தின் மதச்சடங்கு. ராணுவம் சடங்குகளில் தலையிடாது. அதை அவனுக்கு எந்த ராணுவத்தாரும் கொடுக்கவில்லை. மது இல்லாததால் டிப்போவிலிருந்து ரம் வெளியே போனதாகவும் கொள்வதற்கில்லை. விருந்து என்று ஒன்று நடக்கவில்லை, ஆகவே விருந்து கொடுத்தவர் என்று எவரும் இல்லை. குடித்ததாகச் சிப்பாய் மேல் இருந்த குற்றச்சாட்டும் தள்ளுபடி. அவன் உடனே பணிக்குத் திரும்பலாம்.

இரண்டு லெப்டினன்ட்களும் தலையசைத்தார்கள். வீரமலை அடித்த சல்யூட்டில் பூட்ஸ் சத்தம் கூரை வரைக்கும் கேட்டது. தப்பித்தோம்! பென்ஷன் தப்பித்தது, இன்ஜின் தப்பித்தது, கொட்டகை தப்பித்தது. பையனுக்கும் ஒன்றும் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இனி ஒரு நாள் கூட உள்ளே இருக்க வேண்டாம், சம்பளம்கூடப் பிடிக்கவில்லை. யாருக்கு என்ன நஷ்டம்? இதை அக்காவிடம் சொல்லி அவள் மனதைக் குளிரவைக்க வேண்டுமென்று ரெங்கநாதனையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

வேப்பமரத்தடியில் மருதை குனிந்து நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். பொன்னுத்தாய் ஒரு கையால் அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, மறு கையால் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பையனின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

ரெங்கநாதன் தீர்ப்பைத் தமிழில் எடுத்துச் சொன்னார். அம்மா, உங்க பையன் மேலே ஒரு தப்பும் இல்லே, வயசு பதினெட்டுன்னு தீர்மானமாயிடுத்து, அவனுக்கு யாரும் எதுவும் கொடுக்கலை, அவன் எதுவும் குடிக்கலை. அவள் முழுவதையும் கேட்டாள். ரெங்கநாதன் முடித்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரும் குடுக்கல. இவன் குடிக்கல. அப்ப எம் புள்ள ஏங்க வாந்தி எடுக்குறான்?"

ரெங்கநாதன் நாமத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, எனக்கு உள்ளே வேலை இருக்கு என்று போய்விட்டார்.

வீரமலை தனியாக நின்றான். சமாதானம் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் மருதை மறுபடி குமட்டினான், வெறும் நீர்தான் வந்தது, பையன் "அம்மா" என்றான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வீரமலை அக்காவின் அருகில் போனான்.

"நான்தான்க்கா. அன்னைக்குப் படையல்ல நான்தான் இன்னும் ஊத்துங்கன்னு கத்துனேன். சாமி நாக்கத்தான் நனச்சுது. நான்தான் ஊத்தச் சொன்னேன்."

பொன்னுத்தாய் அவனை அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவள் மகனின் முதுகைத் தடவுவதை நிறுத்தவில்லை.

"இதையும் இவன் வயசையும் உள்ள சொல்லியிருந்தா, இந்நேரம் எம் புள்ளையக் கூட்டிக்கிட்டு நான் பஸ்ஸுல போய்க்கிட்டிருப்பேன்லடா" என்றாள்.

காவல் சிப்பாய் வந்து மருதையின் தொப்பியையும் பெல்ட்டையும் அவளிடம் நீட்டினான். டூட்டிக்கு நேரமாயிற்று, உடனே மாட்டிக்கொண்டு வரவேண்டும் என்றான். அவள் முந்தானையால் மகனின் வாயையும் முகத்தையும் துடைத்தாள். தொப்பியைத் தலையில் வைத்தாள். பெல்ட்டை மட்டும் தம்பி பக்கம் நீட்டினாள்.

"சேத்து விட்டவன் நீதானே. நீயே மாட்டி விடு."

வீரமலை மண்டி போட்டு உட்கார்ந்து மருதையின் இடுப்பில் பெல்ட்டைச் சுற்றினான். ஒவ்வொரு ஓட்டையாக இறுக்கிக்கொண்டே போனான். கடைசி ஓட்டையில் மாட்டியும் அது பையனின் இடுப்பில் நிற்காமல் கீழே நழுவியது.